தில்லை மரமும் பல்லவனீச்சரத்துச் செங்கல்லும்

மதுரையில் இரண்டு விஷயங்கள் கிடையாது. ஒன்று அலையாத்திக் காடு. அது இருக்கவும் முடியாது. வைகை கடலைத் தொடுகிற இடம் இங்கிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேலே கிழக்கில் இருக்கிறது. இன்னொன்று, "இது பௌத்தர்களுடையது" என்று யாருக்காவது கை நீட்டிக் காட்டக்கூடிய ஒரு கட்டடம். இந்த இரண்டாவது இல்லாமை என்னை ரொம்ப நாளாகத் தொந்தரவு பண்ணிக்கொண்டிருந்தது. ஏனென்றால் ஏட்டில் இருக்கிறது, மண்ணில் இல்லை.

ஏட்டில் இருப்பதைச் சொல்கிறேன். மதுரைக்காஞ்சி இந்த நகரத்தைச் சுற்றிக் காட்டும்போது, பெண்கள் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு பூவும் புகையுமாக வழிபடப் போகிற ஒரு பள்ளியைக் காட்டுகிறது. உரையாசிரியர்கள் அதைப் பௌத்தப் பள்ளி என்றே கொள்கிறார்கள். மணிமேகலையை எழுதிய சாத்தனாரை மரபு மதுரைக் கூலவாணிகன் என்கிறது. நம்ம ஊர் தானியக் கடைக்காரர். அந்தக் காப்பியத்தில் எல்லாரும் நினைவு வைத்திருக்கிற அமுதசுரபி இருக்கே, அது முதலில் வெளிப்படுவதும் மதுரையில்தான். ஆபுத்திரன் என்கிற அனாதைப் பையன், ஊரில் பிச்சை எடுத்து, குருடர்க்கும் முடவர்க்கும் கொடுத்தது போக மிச்சத்தைத் தின்று, சிந்தாதேவி கோயில் வாசலில் ஓட்டைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறான். ஒரு மழை ராத்திரி பசியோடு சிலர் வந்து எழுப்புகிறார்கள். கொடுக்க ஒன்றுமில்லை. அப்போதுதான் தேவி அந்தப் பாத்திரத்தைக் கொடுக்கிறாள். பிறகு மழை நன்றாகப் பெய்து நாடு செழித்து, பிச்சை வாங்க ஆளே இல்லாமல் போக, அவன் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கப்பல் ஏறி மணிபல்லவத் தீவில் தனியாக மாட்டிக்கொள்கிறான். நான் மட்டும் சாப்பிட இது எதுக்கு என்று அங்கே கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு உண்ணாமல் உயிர் விடுகிறான். ஆக அந்தப் பாத்திரம் மதுரையை விட்டுக் கடலுக்குப் போனதுதான், திரும்பி வரவில்லை.

அப்புறம் ஒரு திருத்தம். மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் பௌத்தக் குகைகள் இருப்பதாக நானே ஒரு காலத்தில் எழுதியிருக்கிறேன். அரிட்டாபட்டி என்ற பெயரை வைத்துக்கொண்டு, மகிந்தரோடு தொடர்புடைய இலங்கை அரிட்டர் இங்கே வந்து தங்கியிருக்கலாம் என்பது மயிலை சீனி. வேங்கடசாமி 'பௌத்தமும் தமிழும்' நூலில் (1940) முன்வைத்த யோசனை. அந்த நூல் மேல் எனக்கு இருக்கிற மரியாதையில் யோசனையை முடிவாகவே எடுத்துக்கொண்டேன். தப்பு. குகைகளில் உள்ள தமிழி எழுத்துகளை வரிசையாகப் படித்துத் தொகுத்த ஐராவதம் மகாதேவன் (2003) அவற்றைப் பெரும்பாலும் சமணத்தோடு சேர்க்கிறார். மாங்குளத்துக் கணிநந்தா, அரிட்டாபட்டிப் பாறையில் பிற்காலத்தில் செதுக்கிய தீர்த்தங்கரர் எல்லாமே சமணப் பக்கம்தான் சாய்கின்றன. ஊர்ப் பெயர் ஒலிப்பதை வைத்து மதம் தீர்மானிப்பது எனக்கு அப்போது சுவாரசியமாக இருந்தது, அவ்வளவுதான். அரிட்டாபட்டியைக் காப்பாற்ற அதற்குப் பௌத்தச் சாயம் பூச வேண்டிய அவசியமும் இல்லை. 2022-இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டு, டங்ஸ்டன் சுரங்க ஏலத்தை மக்கள் எதிர்த்து 2025 ஜனவரியில் ரத்து செய்ய வைத்த ஊர் அது.

சரி, மதுரையில் இல்லாததைப் பார்க்கணும்னா பாத்திரம் போன வழியில் போக வேண்டியதுதான். ராத்திரி பஸ் ஏறி, திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் தாண்டி விடியலில் சிதம்பரம். அங்கிருந்து பிச்சாவரம் பதினைந்து கிலோமீட்டர் சுமார். மறுநாள் பூம்புகார். இந்த இரண்டு இடங்களையும் ஒன்றாகச் சேர்த்து யாரும் பயணத் திட்டம் போடுவதில்லை. ஒன்று 'இயற்கை', இன்னொன்று 'வரலாறு'. இந்தப் பிரிப்புதான் என் புகார்.

பிச்சாவரம் வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில், இரண்டு ஆறுகளும் கடலோடு கலக்கிற சேற்றில் கிடக்கிற காடு. 2022-இல் ராம்சர் தலமானது. முத்துப்பேட்டையில் காட்டுக்குள்ளே மரப்பலகை நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நடந்தால் நம்ம வேகத்துக்கு நின்று நின்று பார்க்கலாம். பிச்சாவரத்தில் படகுதான் வழி. மோட்டார் படகு அகலமான கால்வாயோடு திரும்பிவிடும், துடுப்புப் படகுதான் குறுகலான சந்துகளுக்குள் நுழையும். எனக்குத் துடுப்புப் படகு கிடைத்தது. படகுக்காரர் என்னைவிட மூத்தவர். ஏறினதும் முதல் வாக்கியமே, "இதயக்கனி பார்த்திருக்கீங்களா சார்? இந்த இடம்தான்." அடுத்த திருப்பத்தில் தசாவதாரம். 1975-இல் இருந்து 2008 வரை ஒரு சினிமா வரலாறு எனக்கு ஓசியில் கிடைத்தது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், வருகிறவர்கள் கேட்பது அதைத்தான்.

நான் மரத்தைக் கேட்டேன். "அண்ணே, இதுல தில்லை எது?"

அவர் துடுப்பை நிறுத்திவிட்டு என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சேற்று மேட்டுப் பக்கம் கை காட்டி, "அதோ அது. ஆனா கிளையை ஒடிச்சிராதீங்க. பாலு கண்ணுல பட்டா பார்வை போயிரும்" என்றார்.

சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைக் கொடுத்த மரம் இது. நடராசர் கோயிலின் தல விருட்சம். ஊருக்குள் தேடினால் கிடைக்காது. பெயர் அங்கே, மரம் இங்கே. மற்ற கண்டல் மரங்கள் மாதிரி இதற்குக் காலூன்றி நிற்கிற வேர்க் கூட்டம் இல்லை. சுரபுன்னைக்கு முட்டு வேர், வெண்கண்டலுக்குச் சேற்றிலிருந்து பென்சில் நட்ட மாதிரி மேலே நீட்டுகிற மூச்சு வேர். சுரபுன்னையின் விதை மரத்திலேயே முளைத்து முருங்கைக்காய் கணக்காகத் தொங்குகிறது, விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்து வேறு இடம் பார்க்கும். வெண்கண்டல் இலையின் அடிப்பக்கத்தை நக்கிப் பார்த்தேன். உப்புக் கரித்தது. உள்ளே வந்த உப்பை இலை வழியாக வெளியே தள்ளிவிடுகிறது.

இந்தக் காட்டுக்கு ஒரு வியாதி வந்து, ஓரளவு குணமான கதை இருக்கிறது. அது சினிமாக் கதையைவிட நல்ல கதை. பல பத்தாண்டுகள் காட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து மொட்டையாக வெட்டி விறகுக்கும் மரத்துக்கும் எடுத்தார்கள். வெட்டின இடம் தானாக வளர்ந்துவிடும் என்று கணக்கு. வளரவில்லை. வெயில் பட்ட சேறு காய்ந்து அமுங்கித் தட்டு மாதிரி குழிந்துவிட்டது. அலைநீர் ஏறினால் வடியாமல் தேங்கும், ஆவியாகும், உப்பு மட்டும் மிஞ்சும். அதில் எந்த விதையும் பிழைக்காது. காவிரியில் நல்ல தண்ணீர் வரத்துக் குறையக் குறைய நிலைமை இன்னும் மோசம். 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், வனத்துறை, ஊர்க்காரர்கள் எல்லாரும் சேர்ந்து மீன் முள் அமைப்பில் கால்வாய் வெட்டினார்கள். நடுவில் ஒரு பெரிய வாய்க்கால், பக்கவாட்டில் சாய்வாகச் சின்ன வாய்க்கால்கள். தண்ணீர் வந்து வந்து போனது, உப்புக் குறைந்தது, நட்ட கன்று பிழைத்தது. 'மனிதன் வெட்டினான், காடு அழிந்தது' என்று மட்டும் சொல்லி நிறுத்தியிருந்தால் இந்த வாய்க்கால் வந்திருக்காது. ஏன் மறுபடி முளைக்கவில்லை என்று யாரோ கேட்டிருக்கிறார்கள்.

சிதம்பரத்துக்குத் திரும்பும்போது இன்னொரு மதுரைக்காரர் நினைவுக்கு வந்தார். மாணிக்கவாசகர் மேலூர்ப் பக்கத்துத் திருவாதவூர். பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் போனது, நரி பரியானது, வைகையில் வெள்ளம், பிட்டுக்கு மண் சுமந்தது எல்லாம் நம்ம ஊரில் நடந்த கதை. முடிவு மட்டும் தில்லையில். திருவாதவூரர் புராணம் சொல்கிறபடி, ஈழத்திலிருந்து பௌத்தர்கள் வாதுக்கு வருகிறார்கள். கூடவே ஈழ அரசனும் ஊமையான அவன் மகளும். வாதில் பௌத்தர்கள் வாய் பேச முடியாமல் ஊமையாகிப் போகிறார்கள், ஊமைப் பெண் பேசுகிறாள். பௌத்தர்கள் கேட்ட கேள்விகளுக்கு அவளே பதில் சொன்னதாகவும், அதுவே திருச்சாழல் என்றும் மரபு.

நடந்ததா இல்லையா என்று இதை விவாதிப்பதில் எனக்கு ஆர்வமில்லை. கதை எதை நினைவு வைத்திருக்கிறது என்பதைப் பாருங்கள். தில்லையில் பௌத்தம் தோற்றது மட்டுமில்லை, ஊமையானது. அதற்கப்புறம் அது தன்னைப் பற்றித் தானே பேசவில்லை. 1898-இல் உ.வே. சாமிநாதையர் மணிமேகலையைப் பதிப்பித்தபோது, கும்பகோணத்தில் உட்கார்ந்துகொண்டு, பூம்புகாருக்கு அத்தனை பக்கத்தில், பௌத்தச் சொற்களுக்குப் பொருள் கேட்க ஒரு தமிழ்ப் பௌத்தர் அவருக்குக் கிடைக்கவில்லை. ஆங்கில நூல்கள் படித்த ரங்காசாரியாரிடம் கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார். தமிழில் எழுதிய ஒரு நூல் தமிழனுக்குப் புரிய ஐரோப்பா வழியாகச் சுற்றி வர வேண்டியிருந்தது. அதுக்காகவே பௌத்தம் பற்றித் தனியாக விளக்கக் கட்டுரைகளும் எழுதிச் சேர்த்தார்.

இப்போது பூம்புகார்.

போனவர்களுக்குத் தெரியும், கடற்கரையை ஒட்டி எழுநிலை மாடமாக நிற்பது சிலப்பதிகாரக் கலைக்கூடம், 1973-இல் கட்டியது. சுவர் முழுக்கக் கல்லில் கதை: மாதவியின் அரங்கேற்றம், கானல்வரி, மதுரைக்குப் பயணம், சிலம்பை உடைக்கிற கண்ணகி. சிற்பிகளின் கை நல்ல கை. குழந்தையிலே பள்ளிக்கூடச் சுற்றுலாவில் போனபோது அதைப் பார்த்துத்தான் எனக்குச் சிலப்பதிகாரம் பிடித்தது, நன்றி மறக்கக் கூடாது.

ஆனால் அந்த மாடம் எப்போதுடையது? ஐம்பது வருஷத்துக்கு முந்தியது. கதையை வைத்துக் கட்டியது. பழங்காலச் செங்கல் ஒன்று கூட அதில் கிடையாது. பழஞ்செங்கல் வேண்டுமென்றால் கீழையூரிலும் வாணகிரியிலும் பல்லவனீச்சரத்திலும் பார்க்க வேண்டும். 1960-களில் தொடங்கி இந்தியத் தொல்லியல் துறை இங்கே தோண்டியதில் கீழையூரில் படகு கட்டுகிற செங்கல் மேடை, அதை ஒட்டி மரக்கம்பங்கள், வாணகிரியில் நீர்த்தேக்கம், பல்லவனீச்சரத்தில் ஒரு பௌத்த விகாரை. சதுரம் சதுரமாக வரிசையான அறைகள், முன்னால் ஒரு பொதுத் தாழ்வாரம். காலம் சுமாராகக் கி.பி. 4, 5-ஆம் நூற்றாண்டு. அங்கேயே கிடைத்தது சுண்ணாம்புக் கல்லில் செதுக்கிய புத்த பாதம், அமராவதிப் பக்கத்துக் கல்வேலை மாதிரி. செம்பில் வார்த்துப் பொன் பூசிய சின்னப் புத்தர் ஒன்றும் கிடைத்தது.

புத்த பாதம் என்ற இடத்தில் கொஞ்சம் நிற்கணும். மணிமேகலைக் கதை திரும்புகிற இடமே பாத பீடிகைதான். உதயகுமரனிடமிருந்து தப்ப வைத்து, தூங்குகிற பெண்ணைத் தெய்வம் தூக்கிப்போய் மணிபல்லவத் தீவில் விடுகிறது. விடிந்து எழுந்து ஊர் எங்கே, தோழி எங்கே என்று அழுதுகொண்டே கரையோரம் நடக்கிறவள் பீடிகையைப் பார்த்ததும் முற்பிறப்பு ஞாபகம் வருகிறது. பிறகு வைகாசி முழுநிலவில் கோமுகியிலிருந்து ஆபுத்திரனின் பாத்திரம் மேலே வருகிறது. அந்தத் தீவு யாழ்ப்பாணத்து நயினாதீவுதான் என்பாரும் உண்டு, மறுப்பாரும் உண்டு. தீவு எங்கே இருந்தால் என்ன, அந்தக் கதை கேட்டவர்கள் நடந்த ஊரில், பாதத்தை வைத்துக் கும்பிட்ட கட்டடமே கிடைத்திருக்கிறது. சிலப்பதிகாரத்துக்கு இப்படி ஒரு செங்கல் கிடைத்திருந்தால் நாம் எவ்வளவு ஆடியிருப்போம்!

நான் போனபோது மதியம் மூன்று மணி. கலைக்கூடத்துப் பக்கம் பஸ் பஸ்ஸாகக் கூட்டம். விகாரையில் நானும் வேலியோரம் மேய்ந்த இரண்டு ஆடும். முழங்கால் உயரம் கூட இல்லாத சுவர்கள். இந்த மாதிரிப் பாதுகாக்கப்பட்ட இடங்களில் நாடெங்கும் வைக்கிற பலகைகள் பெரும்பாலும் ஒரே அச்சு: என்ன கட்டடம், எந்த நூற்றாண்டு, சேதப்படுத்தினால் என்ன தண்டனை. இங்கே யார் தூங்கினார்கள், காலையில் ஓட்டை எடுத்துக்கொண்டு எந்தத் தெருவுக்குப் போயிருப்பார்கள், அப்படிப் போகிறவர்களைப் பற்றித் தமிழில் முப்பது காதைகளில் ஒரு காப்பியம் இருக்கிறதே என்பதெல்லாம் பலகைக்குத் தேவைப்படாத விஷயம். இரட்டைக் காப்பியம் இரட்டைக் காப்பியம் என்கிறோம். ஒன்றுக்கு எழுநிலை மாடம், இன்னொன்றுக்கு வேலி.

இதில் வேடிக்கை ஒன்று. பூம்புகார் என்றதும் ஆர்வலர்கள் கேட்பது கடலுக்கடியில் இருக்கிற நகரத்தை. 1990-களில் கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனம் கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளி 23 மீட்டர் ஆழத்தில் ஓர் அமைப்பைக் கண்டதிலிருந்து அதன் வயதைப் பத்தாயிரம் வருஷத்துக்கு நீட்டுகிறவர்கள் உண்டு. முங்கிப் போய்ப் பார்க்க முடியாததன் மேல் இவ்வளவு ஆசை. செருப்பைக் கழற்றாமல் நடந்து போய்ப் பார்க்கக்கூடிய சுவர் மேல் இல்லை. கடல்கொண்டதைச் சொல்லும்போது ஆதாரமாக எடுக்கிற நூல் எது? இந்திர விழா எடுக்க மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்று சொல்கிற மணிமேகலைதான். அந்த ஒரு செய்திக்கு மட்டும் அது நமக்கு வேண்டும்.

மணிமேகலை ஏன் இப்படிப் பின்னால் தள்ளப்பட்டது என்பதற்குப் பாடப்புத்தகத்தில் தயாராக ஒரு பதில் இருக்கும்: கதை குறைவு, சமயம் அதிகம், கவிதை சுமார். 27-ஆம் காதையில் ஒவ்வொரு சமயக்காரரும் வந்து தங்கள் கொள்கையை ஒப்பிப்பதும், 29-ஆம் காதையில் அளவை இலக்கணம் நடத்துவதும் படிக்கச் சிரமம்தான், எனக்கும் இரண்டு தடவை பாதியில் நின்றது. ஆனால் இந்தத் தீர்ப்பு முழு நூலுக்கும் பொருந்தாது. யானைத்தீ என்கிற அடங்காப் பசி பிடித்த காயசண்டிகை. ஆதிரை இட்ட முதல் பிச்சையை வாங்கிய கையோடு அவள் பசியைத் தீர்க்கிற மணிமேகலை. சிறைச்சாலைக்குள்ளே போய்க் கைதிகளுக்குச் சோறு போட்டு, அந்தச் சிறையையே அறக்கோட்டமாக மாற்றும்படி அரசனிடம் கேட்கிற ஓர் இளம் பெண். சிலப்பதிகாரத்தில் நீதி கேட்கிற பெண் நகரத்தை எரிக்கிறாள். இங்கே கேட்கிறவள் சிறையைத் திறக்க வைக்கிறாள். கல்லில் செதுக்கினால் எரிகிற மதுரை பார்க்க நன்றாக இருக்கும், ஒத்துக்கொள்கிறேன். சோறு போடுவதைச் செதுக்கினால் யார் நின்று பார்ப்பார்கள்? இந்தக் காரணம்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது, கவிதைத் தரம் இல்லை.

இந்த நூலை மதுரையில் மேசையில் வைத்துப் படித்தபோது எனக்குப் பிடிபடாத ஒன்று கழிமுகத்தில் பிடிபட்டது. கதை எங்கே பார்த்தாலும் தண்ணீர் ஓரத்திலேயே நடக்கிறது: தீவு, பொய்கை, கப்பல் உடைந்து கரை ஒதுங்குகிறவன், கடல் கொள்கிற ஊர். ஒரு நாள் சோறு, மறுநாள் வெள்ளம் என்று வாழ்கிறவர்களின் ஊர்தான் இது. நன்செய்ச் சமவெளியில் உட்கார்ந்திருக்கிறவனுக்குப் பசி வருஷத்தில் ஒரு பருவம். ஆற்று வாயில் இருக்கிறவனுக்கு அது அலை மாதிரி ஏறி இறங்குகிறது. பிச்சாவரத்தில் நாள் முழுக்கச் சேற்றில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவர்களைப் பார்த்த பிறகு யானைத்தீ என்ற சொல் எனக்கு உருவகமாகத் தெரியவில்லை. இயற்கைச் சுற்றுலா ஒரு பக்கம், வரலாற்றுச் சுற்றுலா மறுபக்கம் என்று வெட்டிவிட்டால் இந்த இரண்டும் சந்திக்கவே சந்திக்காது.

நாகப்பட்டினத்தை இதோடு சேர்க்காமல் விட்டேன். காரணம், அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை. ஸ்ரீவிஜய அரசன் கட்டி, ராஜராஜன் ஆனைமங்கலம் ஊரையே கொடையாகக் கொடுத்த சூடாமணி விகாரை இருந்த நகரம் அது. நாகையில் கடைசியாக நின்ற பழைய பௌத்தக் கோபுரத்தை 1867-இல் அரசு அனுமதியோடு இடித்தார்கள். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த முந்நூற்றுச் சொச்சம் செப்புத் திருமேனிகளில் கணிசமானவை எழும்பூர் அருங்காட்சியகத்தில். அதனால்தான் பல்லவனீச்சரம் முக்கியம். சோழ நாட்டுக் கடற்கரையில் பௌத்தம் தன் இடத்திலேயே, தன் செங்கல்லிலேயே இன்னும் கிடக்கிற அபூர்வமான இடம் அது.

போக நினைக்கிறவர்களுக்கு: பிச்சாவரத்துக்குக் காலையிலேயே போங்க, வெயில் ஏறினால் படகில் உட்கார முடியாது, துடுப்புப் படகு கேளுங்க, தில்லை மரத்தைக் காட்டச் சொல்லுங்க, தொடாதீங்க. அங்கிருந்து சீர்காழி வழியாகப் பூம்புகார் ஒன்றரை மணி நேரம். விகாரை எங்கே என்று கேட்டால் எனக்கு நடந்த மாதிரி கலைக்கூடத்துக்கே வழி காட்டுவார்கள். சம்பந்தர் பாடிய பல்லவனீச்சரம் சிவன் கோயில் எங்கே என்று கேளுங்க, அதன் பக்கத்தில்தான் இருக்கிறது. மணிமேகலையில் பாத்திரம் பெற்ற காதையை மட்டுமாவது கையில் எடுத்துட்டுப் போனால், அந்த அறைகளில் ஒன்றின் ஓரத்தில் உட்கார்ந்து படிக்கலாம். நிழல் கிடையாது, குடை அவசியம்.